பார்வையாளர் அல்ல, உறுப்பினர்: உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: உலக அறிவியல் புனைகதை மாநாடு 2026ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள அனஹைம் நகரில் ஆகஸ்ட் 27 முதல் 31 வரை நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. 'வேர்ல்டுகான்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்மாநாட்டில்தான் அறிவியல் புனைகதை உலகின் புகழ்பெற்ற ஹியூகோ விருதுகள் வழங்கப்படுகின்றன.

மாநாடு முழுவதிலும் பங்கேற்கப் பதிவு செய்வோர் இங்கு நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை; உறுப்பினராகச் சேர்கின்றனர். விருது யாருக்கு என்பதிலும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாநாடு எந்த நகரில் நடைபெற வேண்டும் என்பதிலும் அவர்களுக்கு வாக்குரிமை உண்டு. மாநாட்டை நடத்துவோரும் ஊதியம் பெறாத உறுப்பினர்களே. முதன்முறையாகச் செல்பவர் எவற்றை எதிர்பார்க்கலாம், அவரிடம் எவை எதிர்பார்க்கப்படுகின்றன என்ற இரு கேள்விகளுக்கும் விடை இந்த ஏற்பாட்டில் உள்ளது.

இது எத்தகைய மாநாடு?

தில்லியில் 2011ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் பரவிய காமிக் கான் நிகழ்ச்சிகள் இந்திய இளைஞர்களுக்குப் பழக்கமானவை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடைபெறும் காமிக் கானில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் திரளுகின்றனர். திரைப்பட நிறுவனங்களின் அறிவிப்புகளும் நடிகர்களின் வருகையும் அங்கு முதன்மை ஈர்ப்புகள்.

வேர்ல்டுகான் அளவிலும் இயல்பிலும் வேறுபட்டது. பெரும்பாலான ஆண்டுகளில் சில ஆயிரம் பேர் கூடுகின்றனர். 1984ஆம் ஆண்டு இதே அனஹைம் நகரில் நடைபெற்ற மாநாட்டில் 8,365 பேர் பங்கேற்றது பல பத்தாண்டுகளுக்குச் சாதனையாக நிலைத்திருந்தது. திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் பேசப்பட்டாலும், எழுத்தாளர், வாசகர், பதிப்பாசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், விஞ்ஞானி ஆகியோரின் உரையாடலே இங்கு நடுநாயகமாக உள்ளது.

முதல் மாநாடு 1939ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் கூடியது. அப்போது அந்நகரில் நடைபெற்றுக்கொண்டிருந்த உலகக் கண்காட்சியை ஒட்டியே 'உலக மாநாடு' என்ற பெயர் சூட்டப்பட்டது. சுமார் 200 பேர் வந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1942 முதல் 1945 வரை மாநாடு நடைபெறவில்லை.

அந்த முதல் மாநாட்டிலேயே, அமைப்பாளர்களுடன் கருத்து வேறுபாடு கொண்டிருந்த ஆறு இளைஞர்கள் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டனர். அவர்களில் ஒருவரான பிரெட்ரிக் போல் பின்னாளில் பத்திரிகை ஆசிரியராகவும் நாவலாசிரியராகவும் ஹியூகோ விருதுகளை வென்றார். 'இக்கூட்டம் யாருக்கு உரியது?' என்ற கேள்வி மாநாட்டுடன் சேர்ந்தே பிறந்தது எனலாம்.

கட்டணமும் விசாவும்

உறுப்பினர் கட்டணம் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. முதலாவது, உலக அறிவியல் புனைகதைச் சங்கத்தின் உறுப்பினர் கட்டணம். அண்மை ஆண்டுகளில் இது சுமார் 50 டாலர் அளவில் இருந்து வருகிறது. வாக்குரிமை இதனுடன் வருகிறது. இரண்டாவது, மாநாட்டுக்கு நேரில் செல்வதற்கான கூடுதல் கட்டணம். இது முதலாவதைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். மாநாட்டு நாள் நெருங்க நெருங்க உயரவும் செய்யும். ஆகவே செல்வதாக முடிவெடுத்தவர்கள் முன்கூட்டியே பதிவு செய்வது சிக்கனமானது. இளைஞர், முதன்முறை வருவோர் போன்றோருக்குக் கட்டணச் சலுகை உண்டா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்க்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து செல்வோருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடை விசா. மாநாட்டு உறுப்பினர் என்பது எந்த நாட்டின் விசாவுக்கும் உத்தரவாதம் ஆகாது. அமெரிக்கப் பயண விசாவுக்கான நேர்காணலுக்கு நீண்ட காத்திருப்பு ஏற்படுவதுண்டு. எனவே விசா விண்ணப்பத்தை முதல் வேலையாகக் கொள்வதும், பதிவை ரத்து செய்தால் அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றினால் பணம் என்னவாகும் என்ற விதிகளைப் பணம் செலுத்தும் முன்பே படித்துவிடுவதும் நல்லது.

தங்குமிடத்திலும் கவனம் தேவை. மாநாட்டுக் குழு சில விடுதிகளுடன் பேசி உறுப்பினர்களுக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அறைகளைக் குறைந்த வாடகையில் ஒதுக்கி வைக்கிறது. அரங்குக்கு மிக அருகில் உள்ள அறைகள் விரைவில் தீர்ந்துவிடும். நள்ளிரவு வரை நிகழ்ச்சிகள் நீடிப்பதால், நடந்து செல்லும் தொலைவில் தங்குவது செலவு சற்றுக் கூடினாலும் பயனுள்ளது.

முதல் நாள்

வந்தடைந்தவுடன் பதிவு மேசையில் அடையாள ஆவணத்தைக் காட்டி அடையாள அட்டையைப் பெற வேண்டும். அடுத்த ஐந்து நாள்களும் அதைக் கழுத்தில் அணிந்திருப்பது கட்டாயம். அதன் கீழே ஒட்டுவதற்கு வண்ண ரிப்பன் துண்டுகள் பலராலும் வழங்கப்படும். தன்னார்வலர், விருந்தினர், இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர் எனப் பொறுப்பைக் குறிப்பவை சில; வெறும் வேடிக்கைக்கானவை பல. முழங்கால் வரை ரிப்பன் தொங்க நடமாடும் மூத்த ரசிகர்களைக் காணலாம். அறிமுகமில்லாத ஒருவருடன் பேச்சைத் தொடங்குவதற்கு ரிப்பன் கேட்பது எளிய வழி.

சக்கர நாற்காலிகளுக்கான பாதைகள் தரையில் நாடா ஒட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை மறித்து நிற்கக் கூடாது. அரங்குகளின் முன்வரிசையில் செவித்திறன், பார்வைத்திறன் குறைந்தோருக்கென இருக்கைகள் ஒதுக்கப்படுவதும், இரைச்சலிலிருந்து விலகி அமர அமைதி அறை ஏற்படுத்தப்படுவதும் வழக்கத்தில் உள்ளன.

நூற்றுக்கணக்கான அமர்வுகள்

காலை முதல் இரவு வரை பல அறைகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள் நடைபெறும். செவ்வாய்க் கோளில் குடியேறுவதன் உடலியல் சிக்கல்கள் ஓர் அறையிலும், கற்பனை மொழிகளின் இலக்கணம் அடுத்த அறையிலும் பேசப்படலாம். அனைத்தையும் கேட்பது இயலாத செயல். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அமர்வுகளை முன்னதாகக் குறித்துக்கொண்டு, இடையில் உணவுக்கும் உரையாடலுக்கும் நேரம் ஒதுக்குவோரே மனநிறைவுடன் திரும்புகின்றனர். புகழ்பெற்றோர் பேசும் அறைகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், அதே நேரத்துக்கு மாற்று அமர்வு ஒன்றையும் தேர்ந்து வைப்பது நலம்.

அமர்வுகளில் பேசுவோர் பெரும்பாலும் தங்கள் செலவில் வந்த உறுப்பினர்களே. கேள்வி நேரத்தில் எழுந்து கேள்வி கேட்காமல் நீண்ட சொற்பொழிவு ஆற்றுவது இம்மாநாடுகளில் பெரும் நாகரிகக் குறைவாகக் கருதப்படுகிறது. ஒலிவாங்கி இருக்கும்போது அதைத் தவிர்த்து உரக்கப் பேசுவதும் அவ்வாறே. செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒலிவாங்கி வழியாக வரும் பேச்சே எட்டுகிறது.

எழுத்தாளர்களை நேரில் சந்திக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, கையெழுத்து அமர்வு. நடிகர்களை முன்னிறுத்தும் பல வணிக நிகழ்ச்சிகளில் கையெழுத்துக்குக் கட்டணம் வசூலிக்கப்படும்; வேர்ல்டுகானில் எழுத்தாளர்கள் கட்டணமின்றிக் கையெழுத்திடுவதே மரபு. ஒருவர் எத்தனை நூல்களைக் கொண்டுவரலாம் என்பதற்கு மட்டும் வரம்பு இருக்கும். மற்றொன்று, எழுத்தாளர் ஒருவருடன் சுமார் பத்து வாசகர்கள் மட்டும் மேசையைச் சுற்றி அமர்ந்து காபியுடன் உரையாடும் சிறு சந்திப்பு. இதற்கு முன்பதிவு அவசியம். இடங்கள் உடனுக்குடன் நிரம்பிவிடும். நடைபாதையில் எழுத்தாளரைக் கண்டால் பேசலாம். அவர் உணவருந்தும்போதோ மற்றவருடன் தீவிரமாக உரையாடும்போதோ குறுக்கிடுவது முறையன்று.

கடைவீதியும் ஓவிய ஏலமும்

விற்பனைக் கூடத்தில் புதிய நூல்களுடன் அச்சில் இல்லாத பழைய இதழ்களும் கிடைக்கும். முதல் நாளில் கூடத்தைச் சுற்றிப் பார்த்து விலைகளை அறிந்துகொண்டு, பிறகு வாங்குவது பலரது வழக்கம். அரிய நூல் ஒன்றே ஒன்று இருப்பின் காத்திருப்பதில் பயனில்லை. விமானத்தில் அனுமதிக்கப்படும் எடையை நினைவில் கொண்டு செலவிட வேண்டும்.

ஓவியக் கண்காட்சியில் படங்களுக்கு அருகே ஏலத்தாள் வைக்கப்பட்டிருக்கும். வாங்க விரும்புவோர் தமது எண்ணையும் தொகையையும் அதில் எழுத வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போட்டியாளர்கள் எழுதிய ஓவியங்கள் இறுதியில் நேரடி ஏலத்துக்குச் செல்வது வழக்கம். எழுதிய தொகை உறுதிமொழிக்குச் சமம் என்பதால் விளையாட்டாக எழுதக் கூடாது.

மாறுவேடமும் ஒப்புதலும்

கற்பனைப் பாத்திரங்களின் உடையணிந்து வரும் பழக்கத்துக்கும் இம்மாநாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939ஆம் ஆண்டு முதல் மாநாட்டுக்கே ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்ற இரு ரசிகர்கள் எதிர்கால உடையில் வந்தனர். அவ்வுடைகளை உருவாக்கியவர் டக்ளஸ். இன்று உலகெங்கும் வழங்கும் 'காஸ்பிளே' என்ற சொல் 1980களில் ஜப்பானில் உருவானது.

வேர்ல்டுகானின் மாறுவேடப் போட்டி ஒரு மாலை முழுவதும் நடைபெறும் பெரும் நிகழ்ச்சி. புதியவர்கள் தேர்ந்த கலைஞர்களுடன் நேரடியாக மோத வேண்டியிராத வகையில் அனுபவத்துக்கேற்பப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. பகல் நேரங்களில் உடையணிந்து வருவது அவரவர் விருப்பம். சாதாரண உடையில் வருவோரும் ஏராளம்.

இங்கு ஒரு விதி அனைவருக்கும் பொருந்தும். வேடம் அணிந்திருப்பவரைப் புகைப்படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். அவரது உடலையோ உடையையோ தொடக் கூடாது. வேடம் அணிவது ஒப்புதல் ஆகாது என்பது இத்தகைய மாநாடுகளில் பல ஆண்டுகளாக வலியுறுத்தப்படும் கோட்பாடு. மாநாட்டுக்கென நடத்தை நெறிகள் வெளியிடப்படுகின்றன. தொல்லைக்கு ஆளாவோர் அதற்கெனப் பணியமர்த்தப்பட்ட தன்னார்வலர்களிடம் முறையிடலாம். நெறிகளை மீறுவோரின் அடையாள அட்டை பறிக்கப்பட்டு அவர் வெளியேற்றப்படலாம். உண்மையான துப்பாக்கி உள்ளிட்ட ஆயுதங்களுக்கு அனுமதியில்லை. வேடத்துக்கான போலி ஆயுதங்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

மாலைக்குப் பின்

அமர்வுகள் ஓய்ந்த பின்னர் மாநாட்டின் மற்றொரு முகம் தொடங்குகிறது. எதிர்கால மாநாட்டைத் தம் ஊருக்குக் கேட்கும் நகரங்களின் குழுவினர் விருந்து அளிப்பர். தம் ஊர்த் தின்பண்டங்களை வழங்கி வாக்குச் சேகரிக்கும் இவ்விருந்துகளுக்கு உறுப்பினர் எவரும் செல்லலாம். மற்றோர் அறையில் வட்டமாக அமர்ந்து 'ஃபில்க்' பாடிக்கொண்டிருப்பர். அறிவியல் புனைகதைகளைப் பற்றி ரசிகர்கள் தாமே இயற்றிப் பாடும் பாடல்கள் இவை. நாட்டுப்புறப் பாடலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் நேர்ந்த எழுத்துப் பிழையே இப்பெயர் எனச் சொல்லப்படுகிறது. தனியாக வந்தவர்களுக்கு நட்பு அமைவது பெரும்பாலும் இந்த இரவு நேரங்களில்தான்.

உடல்நலத்தையும் மறக்கலாகாது. நாளொன்றுக்குக் குறைந்தது 5 மணி நேர உறக்கம், 2 வேளை உணவு, 1 முறை குளியல் என்பது மூத்த ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் '5-2-1' விதி. கேலிபோலத் தோன்றினாலும், நெரிசலில் ஐந்து நாள்களைக் கழித்து ஊர் திரும்பியதும் சளி, காய்ச்சலுடன் படுப்போர் பலர் என்பதால் எழுந்த விதி இது. குளிரூட்டப்பட்ட அரங்குகளுக்கு ஒரு மெல்லிய கம்பளி உடை, நடப்பதற்கு ஏற்ற பழகிய காலணி, தண்ணீர்க் குப்பி, தேவைப்படும் மருந்துகள் ஆகியவை பயணப் பையில் இருக்க வேண்டியவை.

வாக்குச்சீட்டின் மதிப்பு

ஹியூகோ விருதுகள் 1953ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் முதன்முதலில் வழங்கப்பட்டன. 1926ஆம் ஆண்டு 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. விருது விண்கல வடிவிலானது; அதன் பீடம் மட்டும் ஆண்டுதோறும் புதிதாக வடிவமைக்கப்படுகிறது.

நடுவர் குழு எதுவும் கிடையாது. நடப்பு ஆண்டின் உறுப்பினர்களும் முந்தைய ஆண்டின் உறுப்பினர்களும் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து படைப்புகள் வரை பரிந்துரைக்கலாம். இறுதிப் பட்டியலில் ஆறு படைப்புகள் இடம்பெறும். அதன்பின் நடப்பு ஆண்டின் உறுப்பினர்கள் மட்டும் வரிசைப்படுத்தி வாக்களிப்பர். எதுவும் தகுதியுடையதல்ல எனக் கருதுவோர் 'விருது இல்லை' என்பதற்கும் வாக்களிக்கலாம். இறுதிப் பட்டியலில் உள்ள படைப்புகளில் பலவற்றை உறுப்பினர்கள் படிப்பதற்காக மின்னூல் வடிவில் பதிப்பாளர்கள் அளிப்பது அண்மைக்கால வழக்கம்.

சில ஆயிரம் வாக்குகளால் முடிவாகும் விருது என்பதால், ஒருங்கிணைந்த சிறு குழுவும் அதை அசைத்துப் பார்க்க முடியும். 2015ஆம் ஆண்டு ஒரு தரப்பினர் முன்கூட்டியே பட்டியல் வகுத்துப் பரிந்துரைத்ததால் பல பிரிவுகள் அவர்களது தெரிவுகளால் நிரம்பின. மற்ற உறுப்பினர்கள் ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என வாக்களித்து அதற்குப் பதிலளித்தனர். அதே ஆண்டில்தான் சீன எழுத்தாளர் லியூ சிஷின் எழுதி, கென் லியூ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'தி த்ரீ பாடி பிராப்ளம்' சிறந்த நாவலுக்கான விருதைப் பெற்றது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று அவ்விருதை வென்றது அதுவே முதல் முறை. பட்டியல் வகுத்து வாக்களிப்பதன் தாக்கத்தைக் குறைக்கும் புதிய எண்ணும் முறை 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

அடுத்த சோதனை நிர்வாகத்தின் உள்ளிருந்தே எழுந்தது. சீனாவின் செங்டு நகரில் 2023ஆம் ஆண்டு மாநாடு நடைபெற்றது. அதன் விருதுப் பரிந்துரை விவரங்கள் 2024 ஜனவரியில் வெளியானபோது, ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் உள்ளிட்ட சில படைப்புகள் போதிய பரிந்துரைகளைப் பெற்றிருந்தும் விளக்கமின்றித் தகுதியற்றவையாக அறிவிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இறுதிப் பட்டியலுக்குரியோரின் அரசியல் கருத்துகளை நிர்வாகிகள் முன்னதாகவே ஆராய்ந்ததைக் காட்டும் மின்னஞ்சல்களும் பின்னர் வெளியாயின. பொறுப்பாளர்கள் சிலர் கண்டிக்கப்பட்டனர்.

2024ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டு நிர்வாகம், ஒருவருக்குச் சாதகமாகப் பதிவான 377 வாக்குகள் செல்லாது என அறிவித்தது. அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பையே பெயர்களாகக் கொண்ட கணக்குகளும் அவற்றில் இருந்தன. பயனடையவிருந்தவருக்கு இதில் பங்கு இருந்ததற்குச் சான்று இல்லை எனக் கூறி அவரது பெயரை வெளியிடாத நிர்வாகம், வாக்குகளை நீக்கியதையும் அதற்கான காரணத்தையும் முடிவு வெளியாவதற்கு முன்பே உறுப்பினர்களுக்குத் தெரிவித்தது. அடுத்த ஆண்டு சியாட்டில் மாநாட்டில், அமர்வுகளில் பேச விண்ணப்பித்தோரைச் சரிபார்க்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தப்பட்டது எதிர்ப்பைக் கிளப்பியது. மாநாட்டுத் தலைவர் மன்னிப்புக் கோரினார்.

விதிகளைத் திருத்தும் இடம் ஆண்டுதோறும் கூடும் அலுவல் கூட்டம். மாநாட்டில் பங்கேற்கும் உறுப்பினர் எவரும் இதில் பேசலாம், வாக்களிக்கலாம். சங்கத்தின் அடிப்படை விதியில் திருத்தம் செய்ய, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒப்புதல் தேவை. ஒரே ஊரில் திரளும் பெரும்பான்மை, விதிகளை ஒரே நாளில் மாற்றிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நேரில் வர இயலாதோரும் பங்கேற்கும் வகையில் 2025ஆம் ஆண்டு இக்கூட்டம் மாநாட்டுக்கு முன்பே இணையவழியில் நடத்தப்பட்டது.

நேரில் செல்ல இயலாதவர்களுக்கு

மாநாடு பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமே நடைபெற்று வந்துள்ளது. ஆசியாவில் 2007ஆம் ஆண்டு யோகோஹாமாவிலும் 2023ஆம் ஆண்டு செங்டுவிலும் என இருமுறை மட்டுமே நடைபெற்றுள்ளது. 2027ஆம் ஆண்டுக்குக் கனடாவின் மாண்ட்ரியல் தேர்வு செய்யப்பட்டுள்ளது. எந்த நகரமும் போட்டியிடலாம் என்பதே விதி. ஆனால், பல ஆண்டுகள் ஊதியமின்றி உழைக்கும் குழுவும், உறுப்பினர்களின் வாக்குகளும் வேண்டும். இடத் தேர்வில் வாக்களிக்க, அந்த எதிர்கால மாநாட்டுக்கான முன்கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்த வேண்டும்.

விமானக் கட்டணமும் விசாவும் கைகூடாதவர்களுக்குச் சங்க உறுப்பினர் கட்டணம் மட்டும் செலுத்தும் வழி திறந்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே படைப்புகளைப் படித்து, பரிந்துரைத்து, வாக்களிக்கலாம். இணையவழி அமர்வுகளும் அண்மை ஆண்டுகளில் நடத்தப்பட்டு வருகின்றன. இந்தியாவிலிருந்து பதிவாகும் ஒரு வாக்குக்கும், அரங்கில் அமர்ந்திருப்பவரின் வாக்குக்கும் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை.

நேரில் செல்பவர்களுக்கு மூத்த உறுப்பினர்கள் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: ஒரு மணி நேரமாவது தன்னார்வலராகப் பணியாற்றுங்கள். அடையாள அட்டை வழங்கும் மேசையிலோ வரிசையை ஒழுங்குபடுத்தும் வாயிலிலோ நின்றால், ஒரு நாள் முழுவதும் அமர்வுகளில் அமர்ந்திருந்தாலும் கிடைக்காத அறிமுகங்கள் கிடைக்கும். ஆறு பேரை வாயிலில் திருப்பி அனுப்பித் தொடங்கிய மாநாடு, இன்று முதன்முறையாக வருபவரையே அவ்வாயிலில் நிற்கவைத்து மற்றவர்களை வரவேற்கச் சொல்கிறது.